தினமும் வேதம் வாசிச்சே ஆகணுமா, ஜெபம் ஏன் வறண்டு போகுதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான், மத்தவங்களுக்கும் புரியணும்னு சுருக்கிச் சொல்லிடறேன். வேலைக்காக சென்னைல தனியா தங்கியிருக்காரு, காலைல வாட்ஸ்அப்ல வர்ற வசன போட்டோவைப் பாக்கறதோட வேத வாசிப்பு முடிஞ்சுது, ராத்திரி படுக்கும்போது ரெண்டு நிமிஷம் ஜெபம், அதுலயும் தினமும் அதே வரிகள், பாதில தூக்கம். அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணி "வேதம் வாசிச்சியாப்பா"ன்னு கேட்டா ஆமான்னு சொல்லிட்டு அப்புறம் மனசு உறுத்துதாம். தினமும் வாசிச்சே ஆகணுமா, வாசிக்காட்டி ஆண்டவர் கோவிச்சுக்குவாரா, ஜெபத்துல என்னதான் பேசறது, தூக்கத்துக்கு என்ன பண்றது. இவ்ளோதான் கேள்வி.

முதல்ல அந்த பயத்தை எடுத்துப் போட்டுருவோம். வாசிக்காம வீட்டை விட்டுக் கிளம்புனா அன்னைக்கு வண்டி பஞ்சர் ஆகும், மேனேஜர்கிட்ட திட்டு விழும்ங்கற மாதிரி ஒரு நினைப்பு நம்மள்ல நிறைய பேருக்கு சின்ன வயசுல இருந்தே உள்ள கிடக்கு. அது ராகுகாலம் பாக்கற மனசுதான், மேல சிலுவை போட்டுகிட்டு வந்திருக்கு அவ்ளோதான். வேதத்துல எங்கயும் "தினமும் இத்தனை அதிகாரம் வாசி, இல்லாட்டி தண்டனை"ன்னு கிடையாது. இருக்கவும் முடியாது, ஏன்னா அச்சு வர்றதுக்கு முன்னாடி ஆயிரத்து நானூறு வருஷம் சாதாரண விசுவாசி ஒருத்தர் வீட்லயும் முழு வேதாகமம் இருந்திருக்காது, கையால எழுதுன தோல் சுவடிக்கு யார்கிட்ட காசு இருந்துச்சு. அவங்க கேட்டாங்க. வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரத்துலயே வாசிக்கிறவன் ஒருத்தன், கேக்குறவங்க பல பேர்னுதான் எழுதியிருக்கு. அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல போய்கிட்டே ஏசாயா வாசிக்கிறாரு, பிலிப்பு ஓடிப் போய் கிட்ட நின்னதும் என்ன வாசிக்கிறார்னு காதுல கேக்குது, அப்போ தனியா இருந்தாலும் சத்தமாத்தான் வாசிப்பாங்க. நாலாம் நூற்றாண்டுல மிலான் பிஷப் அம்புரோஸ் வாயைத் திறக்காம கண்ணால மட்டும் வாசிக்கிறதைப் பாத்து அகுஸ்தீன் ஆச்சரியப்பட்டு எழுதி வச்சிருக்காரு, அவ்ளோ அபூர்வம் அது.

தமிழ்லயே எடுத்துக்குங்க, மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடில புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சது 1715. பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும் வந்துட்டு 1719ல இறந்துட்டாரு, மீதியை சூல்ட்சேங்கறவர் முடிச்சாரு. அதுக்கு அப்புறமும் எழுதப் படிக்கத் தெரியாத ஜனம்தான் சபைல பெரும்பாலும். எங்க திருநெல்வேலிப் பக்கம் கிராமத்துக் கோயில்ல சாயங்காலம் மணி அடிச்சு, உபதேசியார் ஒரு பகுதியை வாசிச்சு, எல்லாரையும் வசனத்தைத் திருப்பிச் சொல்ல வச்சு, ஜெபம் பண்ணி அனுப்புறது எதுக்குன்னு நினைக்கிறீங்க, வாசிக்கத் தெரியாதவங்க காதுல தினமும் வசனம் விழணும்னுதான். கையெழுத்து போடத் தெரியாத பாட்டிமார் 23ஆம் சங்கீதம், 91ஆம் சங்கீதம், 121ஆம் சங்கீதம்னு பிசகில்லாம சொல்லுவாங்க. அவங்க யாரும் "குவைட் டைம்"னு தனியா உக்காந்து வேதம் வாசிச்சு தியானம் பண்ணுனது கிடையாது.

சரி அப்போ வாசிக்க வேண்டாமான்னா, அந்தப் பாட்டிமாருக்கு இருந்தது நமக்கு இருக்கான்னு பாருங்க. மனசுல சேத்து வச்ச வசனம் அவங்களுக்கு இருந்துச்சு, தினமும் கூப்பிடற மணி இருந்துச்சு, கூட உக்கார ஆள் இருந்துச்சு. உங்க ரூம்ல இது எதுவும் இல்ல. இருக்கறது போன் மட்டும்தான். அதனால வாசிப்பு கடமைங்கறதை விட, தனியா இருக்கற ஒருத்தருக்கு வேற வழி இல்லைன்னு சொல்லுவேன்.

இப்போ என் முக்கியமான கருத்துக்கு வர்றேன். உங்க ஜெபம் வறண்டு போனதுக்கு காரணம் உங்க வாசிப்பு ஒத்தை வசனமா சுருங்கிப் போனதுதான்னு நான் நினைக்கிறேன். ஜெபத்தை சரி பண்ண ஜெபத்துலயே நோண்டிகிட்டு இருக்காதீங்க, இன்னும் கொஞ்சம் நேரம் முழங்கால்ல நில்லுங்க, உபவாசம் இருங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதெல்லாம் அப்புறம். நாம பேசறதுக்கு முன்னாடி அவர் பேசுனதைக் கேட்டிருக்கணும், அதுவும் பாதி வாக்கியமா இல்லாம முழுசா.

அந்த ஒத்தை வசனம் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன், சுவாரசியமான விஷயம். வேதாகமத்தை எழுதுனவங்க அதிகாரம் வசனம்னு நம்பர் போடல. இப்போ இருக்கற அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஸ்டீபன் லாங்டன்ங்கறவர் போட்டது, புதிய ஏற்பாட்டுல இப்போ இருக்கற வசன நம்பர் 1551ல ராபர்ட் எஸ்தியென்ங்கற அச்சுக்காரர் போட்டது. தேடி எடுக்க வசதிக்காகப் போட்ட நம்பர்தான், ஆனா அது வந்ததுக்கு அப்புறம் ஒவ்வொரு வசனமும் தனித்தனியா கழட்டி எடுக்கற மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஜெர்மனில ஹெர்ன்ஹூட்ங்கற ஊர்ல மொரேவியன் சபைக்காரங்க இருந்தாங்க, அவங்க தலைவர் சின்சென்டார்ஃப் 1728ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம்னு சபைக்குக் கொடுக்க ஆரம்பிச்சாரு, 1731ல இருந்து அது புத்தகமாவே வருஷா வருஷம் வருது, இன்னைக்கு வரைக்கும் நிக்கல, அதுக்கு வசனத்தை சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கறாங்க. நம்ம புது வருஷ ராத்திரி ஆராதனைல வாக்குத்தத்த அட்டை எடுக்கறோம் பாருங்க, அதே ஜாதிதான். ஆனா ஹெர்ன்ஹூட்ல அந்த வசனத்தை ஒருத்தர் வீடு வீடா எடுத்துட்டுப் போவாராம், அங்க ஜனங்க நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சு, அந்த வசனத்தைப் பத்திப் பேசிட்டு வருவாரு. ஊரே ஒரே வசனத்தை அன்னைக்கு யோசிக்கும். நமக்கு ரோஜாப்பூ பேக்ரவுண்டுல வந்து, ஆமென் போட்டு, அடுத்த குரூப்புக்கு ஃபார்வர்ட் ஆகி முடிஞ்சுருது.

அட்டை எடுக்கறதை நான் குறை சொல்லல, எங்க வீட்லயும் எடுக்கறோம், சுவத்துல ஒட்டியும் வைக்கிறோம். ஆனா வசனத்தைக் கழட்டி எடுத்தா என்ன ஆகுதுன்னு பாருங்க. எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்"னு வரும், கல்யாணப் பத்திரிகைல இருந்து கார் கண்ணாடி வரைக்கும் அதுதான். அது யாருக்கு எழுதுன லெட்டர்? பாபிலோனுக்குக் கைதியா பிடிச்சுட்டுப் போன ஜனத்துக்கு. அதுக்கு முந்தின வசனத்தைப் பாருங்க, எழுபது வருஷம் ஆகும்னு இருக்கு. எழுபது வருஷம்னா அந்த லெட்டரை வாசிச்ச பெரியவங்கள்ல முக்காவாசி பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பாங்க. அதே லெட்டர்ல 5, 6, 7ஆம் வசனத்துல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, உங்களைச் சிறைபிடிச்சுப் போன அந்தப் பட்டணத்தோட நல்லதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு வருது. வேலைக்காக ஊரை விட்டு வந்து, இந்த ஊர் எப்போடா விடும்னு இருக்கற ஒருத்தருக்கு 11ஆம் வசனத்தை விட 7ஆம் வசனம்தான் அதிகமா பேசும்னு எனக்குத் தோணுது. உங்க தெரு, உங்க ஹவுஸ் ஓனர், மெஸ்ல சாப்பாடு போடறவங்க, இவங்களுக்காக ஒரு நாள் ஜெபம் பண்ணியிருக்கீங்களா? இதோ, அதிகாரத்தை முழுசா வாசிச்ச உடனே ஜெபத்துக்குப் புதுசா ஒரு விஷயம் வந்துருச்சா இல்லையா. இதைத்தான் சொல்றேன்.

பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான், "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு"ன்னு எக்ஸாம் ஹால் வாசல்ல சொல்லிக்கிறோம், ஆனா பவுல் அதை ஜெயில்ல இருந்து எழுதறாரு, முந்தின ரெண்டு வசனத்துல பட்டினியா இருக்கவும் தெரியும் நிறைவா இருக்கவும் தெரியும், எந்த நிலைமைலயும் மனரம்மியமா இருக்கக் கத்துகிட்டேன்னு சொல்லிட்டுத்தான் இதுக்கு வர்றாரு. ஜெயிக்கிறதுக்கான வசனம்னு நாம எடுத்து வச்சிருக்கறது இல்லாமையைத் தாங்குறதுக்கான வசனம். இன்னொண்ணும் சொல்றேன், வேதத்துலயே ஒத்தை வசனத்தைக் கழட்டி எடுத்து ஒருத்தர் மேல பிரயோகம் பண்ணுனது யாருன்னு பாத்தா, மத்தேயு 4ல பிசாசு. தேவாலயத்து உப்பரிகைல இயேசுவை நிறுத்தி, குதிங்க, தூதர்கள் தாங்கிக்குவாங்கன்னு எழுதியிருக்கேன்னு சொல்றான், அது நாம ராத்திரி சொல்லிட்டுப் படுக்கற அதே 91ஆம் சங்கீதம். அவர் வேற ஒரு வசனத்தை வச்சுத்தான் பதில் சொல்றாரு, அதுவும் உபாகமத்துல இருந்து, முழு வேதமும் மனசுல இருந்தாத்தான் அது முடியும்.

வாசிப்பு முதல்ல, ஜெபம் அடுத்ததுன்னு நான் சொல்றது என் சொந்த சரக்கு இல்ல. ஜார்ஜ் முல்லர்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பிரிஸ்டல்ல 1836ல அனாதை இல்லம் ஆரம்பிச்சு வாழ்நாள்ல பத்தாயிரம் பிள்ளைங்களுக்கு மேல வளத்தவரு, காசுக்கு மனுஷன்கிட்ட கேக்காம ஜெபத்துலயே நடத்துனாருன்னு எல்லா கூட்டத்துலயும் சாட்சியா சொல்லுவாங்க. ஆனா அந்த முல்லரே ஒரு விஷயம் எழுதி வச்சிருக்காரு, அதை ஏனோ பிரசங்கத்துல யாரும் சொல்றதில்ல. பல வருஷமா காலைல எழுந்து டிரஸ் பண்ணுன உடனே ஜெபத்துல உக்காருவாராம், முதல் பத்து நிமிஷம், கால் மணி, சில நாள் அரை மணி நேரம் கூட மனசு எங்கெங்கயோ அலையுமாம். 1841ல இந்தப் பழக்கத்தை மாத்தி முதல்ல வேதத்தைத் திறந்து மெதுவா யோசிச்சு வாசிக்க ஆரம்பிச்சாரு, பிரசங்கத்துக்கு நோட்ஸ் எடுக்க இல்ல, தன் ஆத்துமாவுக்கு ஆகாரமா. வாசிச்சுகிட்டு இருக்கும்போதே ஒரு வசனம் மன்னிப்பு கேக்க வைக்கும், ஒண்ணு நன்றி சொல்ல வைக்கும், ஒண்ணு யாருக்காகவாவது வேண்ட வைக்கும், ஜெபம் தானா வந்துடும்னு எழுதறாரு. அவ்ளோ பெரிய ஜெபவீரருக்கே அரை மணி நேரம் மனசு அலைஞ்சிருக்குன்னா உங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல அலையறதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ஜெபத்துல என்ன பேசறதுன்னு கேட்டீங்க. அதுக்குத்தான் சங்கீதம் இருக்கு. 150 சங்கீதத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட புலம்பல். நம்ம சபைல ஜெபம்னா "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்"னு ஆரம்பிச்சு நல்லதா நாலு வார்த்தை, அழுகை வந்தாக்கூட கடைசில ஜெயம் எடுத்துட்டோம்னு முடிக்கணும், இல்லாட்டி விசுவாசம் இல்லைன்னு ஆயிடும். தாவீது அப்படி இல்லையே, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு நேரா கேக்குறாரு, 13ஆம் சங்கீதம், மொத்தமே ஆறு வசனம்தான். 88ஆம் சங்கீதத்தைப் பாருங்க, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இருட்டு, சிநேகிதனையும் தூரமா விலக்கிட்டீர்னு சொல்லி அப்படியே முடிஞ்சு போகுது, "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்"னு ஒரு வரி கூட கிடையாது. அதையும் வேதத்துல வச்சிருக்காங்க. அதாவது, எந்த ஆறுதலும் கிடைக்காம முடியற ஜெபமும் ஜெபம்தான்னு ஒத்துகிட்டு வச்சிருக்காங்க. வேலை போன அன்னைக்கு, அப்பாவுக்கு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு, வார்த்தையே வராத அன்னைக்கு அந்த சங்கீதத்தை எடுத்து உங்க சொந்த ஜெபமா வாசிச்சா போதும். கத்தோலிக்கத் துறவிங்க ஆறாம் நூற்றாண்டுல பெனெடிக்ட் போட்ட ஒழுங்குப்படி 150 சங்கீதத்தையும் ஒரு வாரத்துல முடிப்பாங்க, ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்துல காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு முப்பது நாளுக்குப் பிரிச்சு வச்சிருக்கு. ரெண்டு பக்கமும் சண்டை ஆயிரம் இருந்தாலும் சங்கீதத்தை ஜெபமா வாசிக்கணுங்கறதுல ஒத்துப் போறாங்க. நீங்க ஒரு நாளைக்கு ஒண்ணு வச்சுக்குங்க, அஞ்சு மாசத்துல சுத்தி வந்துடும். 119 வர்ற நாள் மட்டும் 176 வசனம், அதை எட்டு எட்டு வசனமா அவங்களே 22 துண்டா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒரே நாள்ல முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

சொன்னதையே சொல்றேன்னு வருத்தப்பட்டீங்கள்ல, அதுல தப்பே இல்ல. பரமண்டல ஜெபத்தை ஒரு நாளைக்கு மூணு தடவை சொல்லுங்கன்னு திதகேங்கற ரொம்பப் பழைய சபை ஒழுங்குல எழுதியிருக்கு, முதல் ரெண்டு நூற்றாண்டுக்குள்ள வந்த எழுத்து அது. இயேசு கெத்செமனேல மூணு தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபம் பண்ணுனாருன்னு மத்தேயு எழுதறாரு. இயேசு கண்டிச்சது வீண்வார்த்தைகளை அலப்பறதை, அதிகம் பேசுனா கேட்டுருவாருன்னு நினைக்கறதை. ஒரே ஜெபத்தை மனசு வச்சு சொல்றதை அவர் எங்க கண்டிச்சாரு. கத்தோலிக்க சிநேகிதங்க ஜெபமாலை சொல்றதைப் பாத்து நம்ம ஆளுங்க வீண் வார்த்தைன்னு கிண்டல் பண்ணுவாங்க, அரை மணி நேரத்துல நாம எத்தனை "அப்பா, அப்பா, இந்த வேளையிலே, அப்பா" போடறோம்னு எண்ணிப் பாத்தா வாயை மூடிக்குவோம்.

மனசு வச்சு எப்படி சொல்றதுன்னா, ஜெர்மனில சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர்கிட்ட அவரோட முடிவெட்டற ஆள் பீட்டர்ங்கறவர் இதே கேள்வியைக் கேட்டாரு, எப்படி ஜெபம் பண்றதுன்னு. 1535ல அதுக்கு லூத்தர் ஒரு சின்னப் புத்தகமே பதிலா எழுதிக் கொடுத்தாரு. சவரம் பண்றவன் கண்ணும் மனசும் கத்தி மேலயும் தாடி மேலயும் இருக்கணும், வாயடிச்சுகிட்டே வேடிக்கை பாத்தா மூக்கு போயிரும், ஜெபமும் அப்படித்தான்னு அவர் தொழிலை வச்சே சொல்லியிருக்காரு. அப்புறம் வழி சொல்றாரு, பரமண்டல ஜெபத்துல ஒவ்வொரு வரியா நில்லு, பத்துக் கட்டளைல ஒவ்வொண்ணா எடுத்துக்க, ஒவ்வொண்ணுலயும் இது என்ன சொல்லித் தருது, எதுக்கு நன்றி சொல்லணும், எங்க தப்பிட்டேன், என்ன கேக்கணும்னு நாலு விதமா யோசி. ஒரு வரிலயே மனசு நிறைஞ்சு வந்துச்சுன்னா மீதியை விட்டுரு, அங்கயே இருன்னும் சொல்றாரு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"ங்கற வரில மட்டும் ஒரு நாள் நின்னு பாருங்க, எனக்குன்னு இல்ல எங்களுக்குன்னு இருக்கே, உங்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு பார்சல் கொண்டு வர்ற டெலிவரி பையன் அந்த எங்களுக்குள்ள வர்றானான்னு யோசிச்சா ஜெபம் ரெண்டு நிமிஷத்துல முடியாது.

இந்தக் கதைல ஒரு பின்குறிப்பு இருக்கு, மறைக்கக் கூடாது. அந்த பீட்டர் அதே வருஷம் வீட்ல சாப்பாட்டு நேரத்துல மருமகனைக் கத்தியால குத்திக் கொன்னுட்டாரு. மரண தண்டனைக்குத் தப்பி, நாடு கடத்தப்பட்டாரு. லூத்தர்கிட்டயே நேரடியா ஜெபம் கத்துகிட்ட மனுஷன். இதை எதுக்கு சொல்றேன்னா, வேத வாசிப்பையும் ஜெபத்தையும் மந்திரம் மாதிரி நினைச்சுகிட்டு, நான் தினமும் அஞ்சு மணிக்கு எழும்பறேன் அதனால நான் சரியாத்தான் இருப்பேன்னு இருக்கறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

அதனால இதையும் சேத்தே சொல்லணும். மத்தேயு 5ல காணிக்கையை பலிபீடத்துகிட்ட வச்சுட்டு முதல்ல போய் சகோதரன்கூட ஒப்புரவாகுன்னு இருக்கு. 1 பேதுரு 3:7 இன்னும் பச்சையா சொல்லுது, புருஷன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கணும், இல்லாட்டி உங்க ஜெபங்களுக்குத் தடை வரும்னு. குடும்ப ஜெபத்துல ஐயா சத்தமா அரை மணி நேரம் ஜெபிப்பாரு, அம்மா ஒரு காதை அடுப்புல வச்சுகிட்டு முட்டங்கால்ல நிப்பாங்க, முடிஞ்ச உடனே சாப்பாடு லேட்டுன்னு அவங்களுக்கு ஏச்சு விழும். ஏசாயா 58ல உபவாசம் இருக்கற நாள்லயே வேலைக்காரனை ஒடுக்கறீங்கன்னு கர்த்தர் சொல்றது இன்னைக்கு எழுதுன மாதிரி இருக்கு. ஒரே வேதத்தை வாசிச்சுட்டு சாதி பாத்து பொண்ணு கொடுக்கற சபைங்க நாம, அதைப் பத்தி ரொம்பப் பேசுனா இந்தப் பதில் வேற எங்கயோ போயிரும். உங்களுக்குச் சொல்றது இதுதான், வாசிக்கும்போது ஒரு ஆள் முகம் மனசுல வந்துச்சுன்னா, அன்னைக்கு ஜெபத்துக்குப் பதிலா அந்த ஆளுக்கு போன் பண்ணுங்க. அம்மாகிட்ட ஆமான்னு சொன்னது உறுத்துதுன்னு நீங்களே சொன்னீங்க, அந்த உறுத்தலும் ஒரு விதத்துல பதில்தான். அடுத்த தடவை இன்னைக்கு வாசிக்கலம்மா, நீங்க என்ன வாசிச்சீங்கன்னு கேளுங்க, அவங்க சொல்லட்டும், ரெண்டு பேருக்கும் அது போன்லயே குடும்ப ஜெபமா மாறும்.

கேட்டது கிடைக்கலன்னா? நீங்க கேக்கல, ஆனா ஜெபம் வறண்டு போற நிறைய பேருக்கு அடில இதுதான் இருக்கும், எதையோ கேட்டு கிடைக்காம போயிருக்கும், வெளில சொல்ல மாட்டாங்க. விசுவாசம் பத்தலன்னு சொல்ற ஊழியக்காரங்க சொல்றதை இந்த ஒரு விஷயத்துல கேக்காதீங்க. பவுல் தன்னை வதைச்ச ஒரு பாட்டை முள்ளுன்னு சொல்லி, அது நீங்கணும்னு மூணு தடவை கேட்டாரு, நீங்கல, "என் கிருபை உனக்குப் போதும்"னு பதில் வந்துச்சு. இயேசுவே பாடுகளோட பாத்திரம் தன்னை விட்டு நீங்கணும்னு கேட்டாரு, நீங்கல, அவருக்கு விசுவாசம் பத்தலயா? அதே சமயம் லூக்கா 18ல அநீதியான நியாயாதிபதியை விடாம நச்சரிச்ச விதவையையும் அவர்தான் உதாரணமா காட்டறாரு, சோர்ந்து போகாம கேளுங்கன்னு. ரெண்டையும் சேத்து எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னு பெரிய பெரிய ஆளுங்களே திணறியிருக்காங்க, நான் ஒரு வரில முடிச்சு வைக்கப் போறதில்ல. ரோமர் 8:26ல ஏத்தபடி வேண்டிக்க நமக்குத் தெரியாது, ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சோட நமக்காக வேண்டறாருன்னு இருக்கு. பவுலே தெரியாதுன்னு ஒத்துக்கறாரு, அந்த இடத்துல நானும் நின்னுக்கறேன்.

இனி நடைமுறை. ஒரு வருஷத்துல முழு வேதாகமம்ங்கற திட்டத்துல இப்போ இறங்காதீங்க. மொத்தம் 1189 அதிகாரம், நாளைக்கு மூணு நாலு வாசிக்கணும். ஜனவரி ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சா ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, மாசக் கடைசில லேவியராகமம் வந்துடும், பலி, குஷ்டம், தோஷம், பாதிப் பேர் அங்கயே உக்காந்துருவாங்க, அப்புறம் அடுத்த புது வருஷத்துக்குத்தான் எழும்புவாங்க. லேவியராகமம் வாசிக்க வேண்டிய புத்தகம்தான், ஆனா வாசல்லயே வைக்க வேண்டிய புத்தகம் இல்ல. மாற்குல ஆரம்பிங்க, 16 அதிகாரம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சுல சத்தமா வாசிச்சாக்கூட ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியும், ஒரு தடவையாவது அப்படி வாசிங்க, கதை எவ்ளோ வேகமா சிலுவையைப் பாத்து ஓடுதுன்னு அப்போதான் தெரியும். அப்புறம் அதையே நாளைக்கு அரை அதிகாரமா மெதுவா. அது முடிஞ்சு பிலிப்பியர், ரூத், யோனா, மூணுமே நாலு நாலு அதிகாரம்தான். போன்ஹோஃபர்ங்கற ஜெர்மன் போதகர் 1935ல இருந்து ஃபின்கன்வால்டேல ஒரு குருமடம் நடத்துனாரு, ஹிட்லர் போலீஸ் 1937ல அதை மூடிட்டாங்க. அங்க மாணவங்க தினமும் காலைல அரை மணி நேரம் ஒரு சின்னப் பகுதியை மட்டும் தியானிக்கணும், அதுவும் ஒரு வாரம் முழுக்க அதே பகுதி. பசங்க போரடிக்குதுன்னு முணுமுணுத்தாங்களாம், அவர் விடல. ஒரே பகுதில நிக்கறது போரடிக்கும், உண்மைதான், மூணாவது நாளுக்கு மேலதான் அது உள்ள இறங்கும்.

பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் புரியலன்னா தயங்காம பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்துல வச்சுக்குங்க, 1995ல வந்த திருவிவிலியம், கத்தோலிக்கரும் நம்ம பக்கத்து ஆளுங்களும் சேந்து செஞ்சது. நாம மனப்பாடம் பண்ணது பவர் ஐயர் தலைமைல 1871ல வந்த தமிழ், காதுக்கு சுகமா இருக்கும், தீர்க்கதரிசிகள் பகுதி வந்தா தலை சுத்தும். மனப்பாடத்துக்கு அதுவும் புரியறதுக்கு இதுவும்னு ரெண்டும் இருக்கட்டும். போன்ல வாசிக்கறது தப்பில்ல, ஆனா நோட்டிபிகேஷன் வந்துகிட்டே இருக்கும், ஒரு புக்கா வாங்கிக்குங்க, பென்சில் ஒண்ணு வைங்க.

எந்த நேரம்னு கேட்டா, அதிகாலைதான்னு சட்டம் இல்ல. இயேசு இருட்டோட எழும்பிப் போனாருன்னு மாற்கு 1:35 சொல்லுது, ஈசாக்கு சாயங்காலம் வெளில தியானம் பண்ணப் போனாரு, தானியேல் மூணு வேளை, பவுலும் சீலாவும் நடுராத்திரி ஜெயில்ல. நீங்க நைட் ஷிஃப்ட்னா மத்தியானம் எழும்புன உடனே உங்களுக்கு அதிகாலை. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்"ங்கறதுக்கு உதாரணம், பாரிஸ்ல ஒரு மடத்துல சமையல்கட்டுல இருந்த சகோதரர் லாரன்ஸ்ங்கறவர், 1691ல இறந்தவரு, பாத்திரம் கழுவும்போதும் ஆராதனைல முழங்கால்ல நிக்கும்போதும் தேவனோட இருக்கறதுல தனக்கு வித்தியாசம் இல்லன்னு சொன்னவரு. மின்சார ரயில்ல நின்னுகிட்டே போகும்போது அன்னைக்கு வாசிச்ச ஒரு வரியை மனசுல ஓட்டிகிட்டுப் போங்க, அதுவும் கணக்குதான்.

கடைசியா தூக்கம். படுத்துகிட்டே கண்ணை மூடி ஜெபம் பண்ணுனா தூக்கம் வரத்தான் செய்யும், உடம்பு அதுக்குத்தான் பழகியிருக்கு. கெத்செமனேல பேதுரு, யாக்கோபு, யோவான் மூணு பேருமே தூங்கிட்டாங்க, ஆவி உற்சாகமுள்ளது மாம்சமோ பலவீனமுள்ளதுன்னு அவரே சொன்னாரு. பெரிய ஜெபத்தை ராத்திரில இருந்து எடுத்துருங்க, காலைலயோ வேலை முடிஞ்சு வந்த உடனேயோ வாசிச்ச கையோட வச்சுக்குங்க, மொட்டை மாடில நடந்துகிட்டே சத்தமா பண்ணுங்க, நடக்கும்போது யாருக்கும் தூக்கம் வராது. ராத்திரிக்கு 4ஆம் சங்கீதம் போதும், எட்டே வசனம், சமாதானத்தோட படுத்துத் தூங்கறேன்னுதான் அதுவும் முடியுது. அதை வாசிச்சுட்டு போனை எட்டாத இடத்துல சார்ஜ் போட்டுட்டுப் படுங்க.